பத்திரிகையும் பத்திரமும்: தந்தி வீட்டின் கம்பெனி வரலாறு

1

கொங்கு நாட்டில் ஒரு கடையைப் பற்றியோ மில்லைப் பற்றியோ பேச்சு எடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி, 'அது யாருதுங்க?' என்பதுதான். சரக்கு நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அதற்கப்புறம். முதல் யார் போட்டது, பங்காளி யார், அண்ணன் தம்பிக்குள் எப்போது பிரிந்தது என்று தெரிந்தபின்தான் சரக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். தமிழின் வெகுஜனப் பத்திரிகைகளைப் பற்றி எழுந்த விமர்சனத்தில் அநேகமாகக் கேட்கப்படாமலே போன கேள்வி இது.

சிறுபத்திரிகைகள் இந்த எழுத்துக்கு வைத்த பெயர் 'வணிக எழுத்து'. ஆனால் வணிகம் என்ற சொல் அங்கே ஒரு வசைச்சொல்லாக நின்றதே தவிர, விசாரணைக்குரிய பொருளாக ஆகவில்லை. தினத்தந்தியின் தலைப்புகள் கொச்சையானவை, குமுதத்தின் நடை வாசகனின் தோளில் கைபோட்டு அவனைக் கீழே இழுப்பது, ராணி பெண்களை அடுப்படியிலேயே உட்கார வைப்பது என்று எழுதினார்கள். அதோர்னோ, ஹோர்க்ஹைமர் வந்தபிறகு இதற்குக் 'கலாச்சாரத் தொழில்' என்று கனமான பெயரும் கிடைத்தது. தொழில் என்று சொன்னால் அங்கே முதல் உண்டு, கூலி உண்டு, தாள் உண்டு, ஏஜெண்ட் உண்டு, யார் பேரிலோ ஒரு பத்திரம் உண்டு. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பிரதியை மட்டும் வாசித்தார்கள். பிரதி அச்சான எந்திரம் யார் சொத்து என்று கேட்கவில்லை.

இதனால் விமர்சனத்தின் அடி தவறான இடத்தில் விழுந்தது என்பது என் வாதம். தந்தி வகைப் பத்திரிகையில் ஜனநாயகத்தன்மை கொண்ட பகுதி ஒன்று இருந்தது; அது அதன் மொழி. ஜனநாயகத்துக்கு எதிரான பகுதியும் ஒன்று இருந்தது. அது அதன் உடைமை. விமர்சனம் முன்னதை அடித்தது, பின்னதை விட்டுவிட்டது. மொழியை ஊருக்குத் திறந்துவிட்டு, உரிமையை வீட்டுக்குள் பூட்டிக்கொண்ட ஒரு நிறுவனத்தின் வரலாற்றை அதன் பத்திரங்களின் வழியே படித்துப் பார்க்கலாம்.

2

சி.பா.ஆதித்தனார் 1905-ல் திருச்செந்தூர் வட்டாரத்துக் காயாமொழியில் பிறந்தவர். லண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டரானவர். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் செய்தவர். 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் 'தந்தி' என்ற நாளிதழைத் தொடங்கினார். பிற்பாடு அது 'தினத்தந்தி' ஆயிற்று. லண்டனின் 'டெய்லி மிரர்' அவருக்கு முன்மாதிரி.

மதுரை என்ற இடத்தேர்வே ஒரு வணிக முடிவு. அன்றைய முக்கிய தமிழ் நாளிதழ்கள் சென்னையில் அச்சாகி ரயிலேறி வந்தன. தெற்கத்திச் சீமையில் அவை கைக்குக் கிடைக்கும்போது செய்தி ஒரு நாள் பழசு. மதுரையில் அச்சடித்தால் சில மணி நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்ச் சேரலாம். பின்னர் திருநெல்வேலி, சென்னை, சேலம், திருச்சி, வேலூர் என்று பதிப்புகள் பெருகியதும் இதே கணக்கில்தான். ஒரே பெரிய எந்திரத்தில் அடித்து நாடெங்கும் அனுப்புவதற்குப் பதில், பல ஊர்களில் அடித்துப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது. போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது வைக்கோல் கூழிலிருந்து கையால் தாள் செய்து பத்திரிகை நடத்தினார். இதை அந்நிறுவனம் ஒரு வீரகாதையாகச் சொல்லிவருகிறது. வீரகாதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தாளைத் தானே செய்தாவது பத்திரிகையை நிறுத்தாமல் கொண்டுபோகிற ஒரு தொழில்காரர் தெரிகிறார்.

மொழி விஷயம் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஆதித்தனார் தம் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கையேடே எழுதினார். சாதாரண ஜனங்கள் வழங்கும் சொல்லில் எழுது, வாக்கியத்தைச் சின்னதாக வை, புரியாத சொல்லை எடுத்துவிடு என்பது அதன் சாரம். அதுவரை தமிழ்ச் செய்தித்தாள் எழுதப்பட்டது ஏற்கெனவே படித்தவனுக்காக. தந்தி எழுதப்பட்டது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்காக. பக்கத்தின் பாதியை அடைக்கும் தலைப்பு, ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய வாக்கியம், படம், கொலை, கோர்ட் விசாரணை. டீக்கடையில் ஒருவன் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதற்குத் தோதான வடிவம் அது. கோவை மில் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் எழுத்தைப் பழகியது இந்தத் தலைப்புகளில்தான் என்பதை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1960-ல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை இருபதாயிரம் நாட்களைத் தாண்டி ஓடியது; தினம் சில கட்டங்களுக்கு மேல் கிடையாது. படிப்பு என்பது தினசரிப் பழக்கம் என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கற்பித்த பாடம் அது. கதை நகரவே இல்லை என்று கேலி செய்தவர்கள், அதைப் படிக்கக் காலையில் பேப்பரைப் பிரித்தவனைப் பார்க்கவில்லை.

'டேப்ளாய்ட்' என்ற சொல்லை இங்கே எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். தாளின் அளவில் தந்தி டேப்ளாய்ட் அல்ல; முழுத்தாள் பத்திரிகை. குணத்தில்தான் டேப்ளாய்ட். அதேபோல அதை 'மஞ்சள் பத்திரிகை' என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. மஞ்சள் பத்திரிகை வேறு தொழில். 1940-களில் 'சினிமா தூது', 'இந்து நேசன்' நடத்திய லட்சுமிகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களைப் பற்றி எழுதாமலிருக்கப் பணம் வாங்கினார் என்பது அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள், அவர்களோடு நம்மூர் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். நாயுடு விடுதலையானார். மற்ற இருவரும் ஆயுள் தண்டனை பெற்று, மேல்முறையீடு பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் வெளியே வந்தார்கள். அச்சிடாமலிருக்க வாங்கும் காசில் நடப்பது மஞ்சள் பத்திரிகை. அச்சிட்டதை ஊரெல்லாம் விற்றுக் காசாக்குவது தந்தி. முன்னதற்கு ஒரு மனிதனும் ஒரு மேஜையும் போதும். பின்னதற்கு எந்திரம், வேன், ஏஜெண்ட், டெபாசிட், கணக்குப்பிள்ளை எல்லாம் வேண்டும். அதாவது கம்பெனி வேண்டும்.

3

அந்தக் கம்பெனி என்ன வடிவம் எடுத்தது? சுவாரஸ்யம் இங்கேதான். தினத்தந்தியை ஒரு சாதாரண முதலாளியின் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1954 மார்ச்சில் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தின் மூலம் ஆதித்தனார் பத்திரிகைத் தொழிலை ஒரு டிரஸ்ட்டின் சொத்தாக ஆக்கினார். 'தந்தி டிரஸ்ட்'. தமிழ் படிக்கும் மக்களுக்காக, கல்வியறிவு பெற்ற பொதுக்கருத்தின் குரலாகப் பத்திரிகையை நிலைநிறுத்துவது அதன் நோக்கம் என்று பத்திரம் சொன்னது. 1957-ல் எழுதிய துணைப்பத்திரம் அந்த டிரஸ்ட்டை ரத்து செய்ய முடியாததாக ஆக்கியது. 1961-ல் இன்னொரு பத்திரம்: செலவு போக மிஞ்சும் வருமானம் இதழியல் கல்லூரி, மற்ற பள்ளி கல்லூரிகள், மாணவர்களுக்கு உதவித்தொகை, விடுதி, அனாதை இல்லம் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்றது. 1965-ல் திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி வந்தது.

வருமான வரித்துறை இதைச் சும்மா விடவில்லை. பத்திரிகை நடத்துவது வியாபாரம். வியாபாரத்தில் வரும் லாபத்துக்குத் தரும விலக்கு எப்படித் தர முடியும் என்று பல வருஷங்கள் வழக்கு நடந்தது. 2001 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1984-லிருந்து 1992 வரை இருந்த சட்டப்பிரிவின்படி அந்த வருஷங்களுக்கு விலக்கு கிடையாது. 1992-ல் பிரிவு மாறிய பின் நிலைமை வேறு. ஒரு டிரஸ்ட் நடத்தும் வியாபாரத்தின் வருமானம் அந்த டிரஸ்ட்டின் நோக்கங்களுக்கே பயன்படுகிறது என்றால், அந்த வியாபாரம் நோக்கத்துக்குத் துணையானது. ஆகவே விலக்கு உண்டு. சுருக்கம் இதுதான்.

இந்தத் தீர்ப்பை ஒரு கலாச்சாரப் பிரதியாகப் படித்துப் பாருங்கள். 'நடத்தையில் சந்தேகம், மனைவி வெட்டிக் கொலை' என்ற மாதிரித் தலைப்பை ஒருவன் டீக்கடையில் காசு கொடுத்துப் படிக்கிறான். அந்தக் காசு ஏஜெண்ட் கமிஷன் போக நிறுவனத்துக்குப் போகிறது. சட்டத்தின் கண்ணில் அங்கே அது தருமச் சொத்தின் வருமானம். பத்திரத்தில் 'கல்வியறிவு பெற்ற பொதுக்கருத்து' என்று எழுதியிருக்கிறது. கல்வியறிவு பெற்றவர்களோ அந்தப் பேப்பரைக் கையில் தொடக் கூசினார்கள். இந்த முரணைக் கபடம் என்று தள்ளிவிடுவது சுலபம். கல்லூரிகள் நிஜமானவை. அங்கே படித்து வெளியே வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளும் நிஜம். ஆகவே கேள்வியை வேறுமாதிரி கேட்க வேண்டும்.

கோவைக்காரர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு எழுதிவைத்தார்கள். பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படிப் பிறந்தது. பம்பும் மோட்டாரும் செய்து விற்கும் தொழிற்கூடமும் கல்லூரியும் ஒரே தருமத்தின் கீழே இருந்தன. தெற்கே நாடார் வணிக ஊர்களில் மகமை என்ற ஏற்பாடு இதற்கும் முந்தியது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகளிடம் பிடித்துப் பொதுநிதி சேர்த்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தந்தி டிரஸ்ட் ஆங்கிலச் சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் அதன் வேர் இந்த மண்ணில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. மகமைக்கு உறவின்முறை கணக்குக் கேட்கும். கொடுத்தவனே கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம். பம்பு வாங்கியவன் பி.எஸ்.ஜி.யிடம் கணக்குக் கேட்க மாட்டான். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனெனில் பம்பு அவன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறது, அவன் சார்பில் ஊரோடு பேசுவதில்லை. பத்திரிகை பேசுகிறது. மக்கள் குரல் நான் என்கிறது. மக்கள் காசிலும் விளம்பரத்திலும் வளர்ந்து, மக்கள் பேரில் பேசி, தருமச் சொத்தாக விலக்குப் பெறும் ஒன்றிடம் வாசகன் என்ன கேட்க முடியும்? ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். அவ்வளவுதான். டிரஸ்டி யார் என்பதில் அவனுக்குப் பேச்சில்லை. ஹேபர்மாஸின் பொதுக்களம் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டாயிற்று. அந்தக் களத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது மட்டும் பேசப்படவில்லை.

4

டிரஸ்ட் ஒரு பக்கம் இருக்க, வீடு இன்னொரு பக்கம் பெருகியது. 1962-ல் 'ராணி' வார இதழ் வந்தது, அ.மா.சாமி அதற்கு ஆசிரியராக நெடுங்காலம் இருந்தார். மாத நாவலாக 'ராணி முத்து', 1984-ல் 'ராணி காமிக்ஸ்' என்று வரிசை நீண்டது (காமிக்ஸ் 2005-ல் நின்றது). தொழில் கணக்குப்படி பார்த்தால் இவை எல்லாம் ஒரே வேனில் ஏறும் வேறு வேறு மூட்டைகள். ஊருக்கு ஊர் ஏஜெண்ட் ஏற்கெனவே இருக்கிறார். அவர் கட்டிய டெபாசிட் இருக்கிறது. காலையில் பேப்பர் போகிற அதே சைக்கிளில் வாரம் ஒருநாள் ராணியும் மாதம் ஒருநாள் நாவலும் போகும். அப்பாவுக்குப் பேப்பர், அம்மாவுக்கு ராணி, பிள்ளைக்குக் காமிக்ஸ். குடும்பம் நடத்திய கம்பெனி, குடும்பத்தையே சந்தையாகப் பிரித்தது. மலிவு விலை நாவல் மாதாமாதம் எத்தனை வீடுகளுக்குள் போயிற்று என்பதை நாவல் விமர்சனம் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தின் தரம் பற்றிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தபோது, விநியோகத்தின் சர்ச்சையை இவர்கள் தீர்த்தே விட்டிருந்தார்கள்.

இனிப் பிரிவினை. 'மாலை முரசு' மூத்த மகன் இராமச்சந்திர ஆதித்தனின் வீட்டுப் பேப்பர் ஆயிற்று; 'தேவி' வார இதழும் அந்த வீடு. தினத்தந்தியும் ராணியும் இளையவர் சிவந்தி ஆதித்தனின் பொறுப்பில் வளர்ந்தன. 1977-ல் சிவந்தி ஆதித்தன் 'மாலை மலர்' என்று ஒரு மாலைப் பேப்பரைக் கோவையில் தொடங்கினார். அதே 1977-ல் ஆதித்தனாரின் மருமகன் கே.பி.கந்தசாமி தந்தியிலிருந்து பிரிந்து 'தினகரன்' நாளிதழைத் தொடங்கினார், தி.மு.க. சார்புப் பத்திரிகையாக அது நின்றது, அவரும் 1989-ல் அமைச்சரானார். ஆதித்தனார் 1981-ல் காலமானார். மகன்கள் இருவரும் 2013-ல் ஒரே வருஷத்தில் காலமானார்கள். அடுத்த தலைமுறையில் தந்தி வீடு டி.வி., எஃப்.எம்., ஆங்கில நாளிதழ் வரை போனது.

1990-களில் ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் சாலையில் ஏதாவது ஒரு பெட்டிக்கடையின் முன் தொங்கிய போஸ்டர்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தினத்தந்தி, மாலை மலர், மாலை முரசு, தினகரன். நான்கு போஸ்டர், நான்கு போட்டி. அரசியலில் ஒன்றுக்கொன்று எதிரெதிர்ப் பக்கம் நின்ற நாட்கள் உண்டு. ஆனால் வம்சாவளியைப் போட்டுப் பார்த்தால் காயாமொழியில் ஒரே முற்றத்தில் வந்து நிற்கும். எழுத்தின் உருவம், தலைப்பு போடுகிற விதம், கொலைச் செய்தியில் வயசையும் தொழிலையும் ஊரையும் முதல் வரியிலேயே அடுக்குகிற பாங்கு எல்லாம் ஒரே பட்டறையில் அடித்தவை. பன்மைத்தன்மை என்று நாம் கண்டது பெருமளவுக்கு ஒரு பாகப்பிரிவினையின் விளைவு. அந்த போஸ்டரைக் காசு கொடுக்காமல் நின்று படித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த வீதியின் பெரிய வீடுகளில் கூடத்துக்கு இங்கிலீஷ் பேப்பர் வந்தது, வாசலில் டிரைவர் கையில் தந்தி இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பொதுக்களம்.

மாலைப் பேப்பர் கோவையில் தொடங்கப்பட்டதற்கு நான் காணும் பொருத்தம் ஒன்று உண்டு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லோடு ஆரம்பித்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மளமளவென்று மில்கள் பெருகிய ஊர் இது. மில் சங்குதான் ஊரின் கடிகாரம். முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவனுக்குக் காலைப் பேப்பர் பழசு. அவனுக்குச் சாயங்காலம் ஒரு பேப்பர் வேண்டும். அதில் அன்று பகலில் நடந்தது வேண்டும், லாட்டரி முடிவு வேண்டும் (2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்படும்வரை மாலைப் பேப்பரின் பெரிய சரக்கே அதுதான்). ஆண்டர்சன் அச்சு முதலாளியத்தைப் பற்றிப் பேசும்போது, ஒரே நாளில் ஒரே பேப்பரைப் படிப்பவர்கள் தங்களை ஒரே சமூகமாக உணர்வதைச் சொல்கிறார். இங்கே ஷிப்டுக்கு ஒரு சமூகம். இதே ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த 'நவ இந்தியா' என்ற நாளிதழ் நின்றுபோய், அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொள்கை இருந்தும் இல்லாமலும் பத்திரிகைகள் செத்திருக்கின்றன. ஏஜெண்ட் வலை உள்ளவை பிழைத்தன.

5

வீட்டுக்குள் பிரிந்துகொண்டே போன இந்தக் கதையில் ஒருமுறை வெளியாள் நுழைந்தார். 2005-ல் தினகரனை சன் குழுமத்தின் கல் பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. பத்திரிகை ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒரு ரூபாயில் தாள் செலவே தேறாது. அதுவரை தந்தி வகைப் பத்திரிகையின் ஆதாரம் கடையில் கொடுக்கும் சில்லறை. வாசகன் காசு கொடுத்து வாங்குகிறான் என்பது குறைந்தபட்சம் அவனுக்கு ஒரு அதிகாரத்தைத் தந்தது. பிடிக்காவிட்டால் நாளைக்கு வாங்க மாட்டான். ஒரு ரூபாய்ப் பேப்பரில் அந்த அதிகாரமும் போயிற்று. வாசகன் இனி வாங்குகிறவன் இல்லை. விளம்பரதாரருக்கு எண்ணிக்கையாகக் காட்டப்படுகிறவன். டி.வி. தன் பத்திரிகையை விளம்பரம் செய்யும், பத்திரிகை தன் டி.வி.யை. 1971-ல் கோவையிலிருந்து கிளம்பிய வானம்பாடி கவிதையை விலையில்லாமல் கொடுத்தது. இலட்சியத்தால் விலையை நீக்கியவர்களையும் மூலதன பலத்தால் விலையை நீக்கியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலை என்பது எவ்வளவு அரசியல் சொல் என்பது தெரியும்.

வெளியாள் என்றேன். அவரும் ஒரு குடும்பம்தான்; இன்னும் பெரிய, அரசியல் அதிகாரத்தோடு இரத்த உறவுள்ள குடும்பம். 2007 மே மாதம், தி.மு.க. தலைவரின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை தினகரன் வெளியிட்டது. மே 9 அன்று மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். 2009-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பன்னிரண்டு வருஷம். இறந்த மூவரும் அந்தக் கருத்துக்கணிப்பை எடுக்கச் சொன்னவர்கள் இல்லை. பத்திரிகையில் பங்கு உள்ளவர்களும் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். உடைமை பற்றிய கேள்வி வெறும் கணக்குவழக்குக் கேள்வி என்று யாராவது சொன்னால் இந்த மே 9-ஐ எதிரே வைக்க வேண்டும்.

குடும்பம்தான் பிரச்சினை, பங்குச்சந்தைக் கம்பெனியாக இருந்தால் சரியாகிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. ஆதித்தனார் முன்மாதிரியாகக் கொண்ட டெய்லி மிரரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903-ல் பெண்களுக்கான பத்திரிகையாகத் தொடங்கி, 1930-களில் தொழிலாளி வர்க்கத்தின் பேப்பராக உருமாறியது. கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி, 1984-ல் ராபர்ட் மேக்ஸ்வெல் கைக்கு வந்தது. 1991-ல் அவர் கடலில் இறந்து கிடந்தபின்தான், ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து கோடிக்கணக்கான பவுண்டுகள் காணாமல் போனது வெளியே வந்தது. தொழிலாளியின் பேப்பர் என்று பெயர் வாங்கிய நிறுவனத்தில் தொழிலாளியின் முதுமைக்காசே போயிற்று. 2018-லிருந்து அந்தக் கம்பெனிக்குப் பெயர் 'ரீச்'. அங்கே போனது ஓய்வூதியம், இங்கே போனது உயிர். இரண்டு இடத்திலும் கணக்குத் தீர்த்தவன் ஊழியன்.

குமுதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1947-ல் எஸ்.ஏ.பி. ஆசிரியராகவும் பார்த்தசாரதி பதிப்பாளராகவும் தொடங்கிய அந்த நிறுவனம் இரு நண்பர்களின் நம்பிக்கையில் நின்றது. 1994-ல் எஸ்.ஏ.பி. மறைந்தார். 2010-ல் அடுத்த தலைமுறையின் தகராறு போலீஸ் வரை, கோர்ட் வரை போயிற்று. டிரஸ்ட், பாகப்பிரிவினை, விற்பனை, கூட்டாளித் தகராறு என்று தமிழ் வெகுஜன அச்சின் உடைமை எடுத்த எல்லா வடிவங்களிலும் இரண்டு பேருக்கு நாற்காலி இல்லை. எழுதுகிறவனுக்கு, வாசிக்கிறவனுக்கு.

6

இதற்கெல்லாம் விமர்சனம் என்ன செய்ய முடியும்? பங்கு வாங்கி டைரக்டர் ஆகிவிட முடியாதுதான். ஆனால் எதைப் படிப்பது என்பதைத் தீர்மானிக்க முடியும்.

ஒன்று, மொழி மீதான வசையை நிறுத்திக்கொள்ளலாம். 'பட்டப்பகலில் பயங்கரம்' என்ற தலைப்பில் கேவலம் ஏதுமில்லை. எழுத்தை அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்தும் பண்டிதர் வீட்டிலிருந்தும் இறக்கி டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தது அந்த மொழி. அதன் வன்முறை வேறு இடத்தில் இருக்கிறது. யார் கொலைக்குப் பெரிய எழுத்து, யார் கொலைக்கு ஆறாம் பக்கத்து மூலை என்பதில். கொல்லப்பட்ட பெண்ணை 'அழகி' ஆக்குவதில். சேரி எரிந்தால் 'இரு பிரிவினர் மோதல்' என்று எழுதுவதில். இந்தத் தேர்வுகளைக் கொச்சைத்தமிழ் செய்வதில்லை. மேஜை செய்கிறது. மேஜைக்குப் பின்னால் விளம்பரப் பிரிவு, அதற்குப் பின்னால் உடைமை.

இரண்டு, கூலியைப் படிக்கலாம். 1955-லேயே பத்திரிகையாளர் சட்டம் வந்தது. பாலேக்கர், பச்சாவத், மணிசானா, மஜிதியா என்று ஊதியக்குழுக்கள் வந்தன. மஜிதியா பரிந்துரையை 2014-ல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தக் கணக்கில் ஊதியம் நிறுவனத்தின் மொத்த வருமானத்தைப் பொறுத்துத் தரம் பிரிக்கப்பட்டது. பெரிய நிறுவனம் என்றால் ஒரு சம்பளம், சின்னது என்றால் ஒரு சம்பளம். அப்படியானால் எது ஒரே நிறுவனம், எது தனி என்று சொல்லும் பத்திரமே சம்பளச் சீட்டையும் எழுதுகிறது. தாலுகா ஊரில் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓடுகிற நிருபனின் பெயரோ எந்தப் பட்டியலிலும் வராது. கொலை நடந்த வீட்டு வாசலில் முதலில் போய் நிற்பவன் அவன்தான். 'ஆசிரியனின் மரணம்' பற்றித் தமிழில் கட்டுரைகள் குவிந்தன. இந்த ஆசிரியனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை வந்திருக்கலாம்.

மூன்று, பத்திரங்களை இலக்கியத்தைப் போலவே நெருங்கிப் படிக்கலாம். 1954, 1957, 1961 என்ற மூன்று வருஷத்துப் பத்திரங்களில் தந்தியின் மனசாட்சியும் அச்சமும் இருக்கின்றன. சொத்து சிதறிவிடக் கூடாது என்ற ஆசை, பேர் நிற்க வேண்டும் என்ற ஆசை, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறை, வரி. நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி எழுதப்பட்ட உரைநடை எந்த நாவலுக்கும் குறைந்தது அல்ல. அதன் வாசகன் இதுவரை வருமான வரி அதிகாரியும் நீதிபதியும் மட்டும்தான்.

சிறுபத்திரிகை இந்தக் கேள்விகளைக் கேட்கத் தகுதி உள்ளதா என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும். நகையை அடகு வைத்தும் பி.எஃப். லோன் போட்டும் நடக்கும் பத்திரிகைக்கும் ஒரு உடைமை வடிவம் உண்டு. பெரும்பாலும் அது ஒரே ஆள், ஒரு முகவரி, அந்த ஆளின் மனைவியின் சம்பளம். மனைவியின் பெயர் முதல் பக்கத்தில் எங்கும் அச்சாவதில்லை. அதையும் இதே கண்ணோடு எழுத வேண்டும். 'அது யாருதுங்க?' என்ற கேள்வியில் பெரிய கடை, சின்னக் கடை என்ற பேதம் கிடையாது.